சோனி ஏ6400 வாங்கியாயிற்று, 25,000 ரூபாய்க்கு அடுத்த லென்ஸ் எது?

உங்கள் கேள்வியை முதலில் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்கிறேன். சோனி ஏ6400 கேமரா வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ் ஒன்றுதான் கையில். மகளுக்கு இரண்டு வயது, அதிகம் எடுப்பது அவளைத்தான். அப்புறம் வீட்டு விசேஷங்கள், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், ஆசைக்குக் கொஞ்சம் பறவைகள். வீட்டுக்குள் எடுத்தால் ஒன்று முகம் கலங்குகிறது, இல்லையென்றால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வருகிறது என்கிறீர்கள். 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஒரு வீடியோவில் 50 வாங்கு என்கிறார்கள், இன்னொன்றில் 16 என்கிறார்கள், கடைக்காரர் 55-210 டப்பாவை எடுத்து மேஜையில் வைக்கிறார்.

என் பதில் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 (மி.மீ. எண் கூடக் கூடப் படத்தில் விழுகிற அகலம் குறையும், எஃப் எண்ணைக் கீழே சொல்கிறேன்). பெயரில் டிசி டிஎன் என்று இருக்கும், சோனி இ-மவுண்ட்டுக்கானதை, அதாவது உங்கள் கேமராவின் வாயில் மாட்டுகிற வகையை, கேட்டு வாங்க வேண்டும். புதியது உங்கள் தொகையைத் தாண்டினால் நல்ல நிலையில் உள்ள பழையது எடுங்கள். கிட் லென்ஸை விற்க வேண்டாம். இந்த வருஷம் மூன்றாவதாக ஒரு லென்ஸும் வேண்டாம்.

காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். காரணம் பிடிபட்டால், என் பதில் உங்கள் வீட்டுக்கு எங்கே பொருந்தவில்லை என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

பல வருஷம் முன்பு என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயில் மண்டபம், மேலே ஒரே ஒரு டியூப் லைட், வெளியே மழை மூட்டம். என்னிடமும் அப்போது உங்களுடையதைப் போல ஒரு சின்ன கேமராவும் கிட் லென்ஸும்தான். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசாரி கையை எடுத்ததும் தலையைச் சட்டென்று திருப்பினாள். நானும் அந்த நொடியில்தான் அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மாமன் சட்டையின் பொத்தானில் நூல் வரை தெரிகிறது. குழந்தையின் முகம் மட்டும், ஈரத்தில் கைபட்ட மை போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஷட்டர் 1/20 நொடி என்று படத்தின் விவரத்தில் இருந்தது. திரும்பி எடுக்கக்கூடிய படமா அது?

அந்த ஒரு படத்துக்குள் உங்கள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. பொத்தான் ஏன் தெளிவாக வந்தது? லென்ஸுக்குள் இருந்த ஆட்டத் தடுப்பு, அதாவது சோனி ஓஎஸ்எஸ் என்று எழுதுகிறதே அது, என் கை நடுக்கத்தைச் சரிக்கட்டிவிட்டது. குழந்தை தலையைத் திருப்பியதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளாஷ் இல்லாமல் ஆள் அசைவதை நிறுத்த ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. ஓடுகிற குழந்தைக்குக் குறைந்தது 1/250 வேண்டும். அந்த வேகம் வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லாத இடத்தில் அகலமாகத் திறக்கிற லென்ஸ் வேண்டும்.

உங்கள் கிட் லென்ஸ் 16இல் எஃப் 3.5 வரை திறக்கும், 50க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6தான். எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிதாகிறது. பெரிய எஃப் எண்ணைச் சிறியதால் வகுத்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்கினால் எத்தனை மடங்கு வெளிச்சம் என்று தெரிந்துவிடும். 5.6ஐ 1.4ஆல் வகுத்தால் 4. நான்கு நான்கு 16. அதாவது எஃப் 1.4 லென்ஸ், எஃப் 5.6இல் நிற்கும் கிட்டைவிட 16 மடங்கு வெளிச்சம் உள்ளே விடுகிறது. எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 10 மடங்கு. எஃப் 2.8 என்றால் 4 மடங்கு.

இதை உங்கள் ஹாலில் வைத்துப் பாருங்கள். ராத்திரி டியூப் லைட்டில், கிட்டை முழுக்க ஜூம் செய்து, ஐஎஸ்ஓவை, அதாவது ஏற்ற ஏற்றப் புள்ளி கூடுகிற அந்த வெளிச்ச உணர்திறனை, 6400 வைத்தும் ஷட்டர் 1/30தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சத்தில் எஃப் 1.4 லென்ஸைப் போட்டால் ஷட்டரை 1/250க்கு ஏற்றிவிட்டு, ஐஎஸ்ஓவையும் பாதியாக 3200க்கு இறக்கலாம். முகம் கலங்குவதும் நிற்கும், புள்ளியும் குறையும். ஃபிளாஷ் இல்லாமல் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற பொருள் உங்கள் பட்ஜெட்டில் ஒரு பிரைம் லென்ஸ் மட்டும்தான். பிரைம் என்றால் ஜூம் ஆகாதது, ஒரே மி.மீ.

சரி, பிரைம் என்று முடிவாயிற்று. எத்தனை மி.மீ.? புதிதாக வாங்குகிறவர்கள் பணத்தை விடுகிற இடம் இதுதான். நானும் இங்கேதான் விட்டேன். காதுகுத்துக்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள் என்று 50 எஃப் 1.8 வாங்கினேன். அந்த 50இன் புகழ் முழுக்க ஃபிலிம் காலத்திலிருந்து வருவது. 35 மி.மீ. ஃபிலிமிலும் அதே அளவு சென்சார் உள்ள இன்றைய ஃபுல் ஃப்ரேம் கேமராவிலும் 50 என்பது கண்ணால் பார்க்கிற மாதிரி இயல்பான ஒரு கோணம். ஏ6400இல் இருப்பது அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார். அதில் எந்த லென்ஸையும் ஒன்றரையால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 50 அங்கே 75 ஆகிவிடுகிறது. எங்கள் ஹால் பத்துக்குப் பதினொன்று அடி. பீரோவில் முதுகு ஒட்டுகிற வரை பின்னால் போயும், உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்குமேல் படத்தில் விழவில்லை. லென்ஸில் ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டுக்கு அது நீளம்.

இதைக் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ அதை 23.5ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ.ஆல் வகுங்கள். படத்தில் விழுகிற அகலம் அடியிலேயே வந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் 50இல் 4.7 அடி, 35இல் 6.7 அடி, 30இல் 7.8 அடி, 23இல் 10.2 அடி, 16இல் 14.7 அடி. சாதாரண வீட்டு ஹாலில் தாத்தா, பாட்டி, நடுவில் பேத்தி, பின்னால் சாமி படம் என்று ஒரு படம் எடுக்க ஏழெட்டு அடி அகலம் வேண்டும். 30ஐ நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். உங்கள் ஹால் எட்டடிதான் என்றால் 23 பக்கம் போங்கள். பழைய கல்யாண வீடு மாதிரி நீளமான கூடம் என்றால் 35 இன்னும் அழகு.

கணக்கை நம்ப மனம் வரவில்லையென்றால் ஒரு காசு செலவில்லாத சோதனை இருக்கிறது. இந்த நான்கு மாதத்தில் எடுத்த படங்களில் உங்களுக்கே பிடித்த நூறைத் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை மி.மீ. என்று படத்தின் விவரத்தில் பதிவாகியிருக்கும். எந்த எண் பக்கம் கூட்டம் சேர்கிறது என்று பாருங்கள். பிறகு கிட் லென்ஸை ஒரு வாரம் முழுக்க 30இல் வைத்தே எடுங்கள், அடுத்த வாரம் 50இல். ஒரு சிக்கல், இந்த 16-50 பவர் ஜூம் என்பதால் கேமராவை அணைத்ததும் உள்ளே போய்விடும், திறக்கும்போது மறுபடி 16இல்தான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் நகர்த்தி வைக்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள். எந்த வாரம் காலால் முன்னே பின்னே நகர்ந்து சமாளிக்க முடிந்ததோ அதுதான் உங்கள் மி.மீ.

இந்த வாரங்களில் இன்னொன்றும் செய்து பாருங்கள். ஏ6400 மெனுவில் ஐஎஸ்ஓ ஆட்டோவுக்கு மிகக் குறைந்த ஷட்டர் வேகத்தை நாமே நிர்ணயிக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே 1/250 வைத்துவிட்டு ஏ மோடில், அதாவது எஃப் எண்ணை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்கிற மோடில், எடுங்கள். ஐஎஸ்ஓ ஏறும், புள்ளிகள் கூடும், ஆனால் மகள் முகம் நிற்கும். பகலில் ஜன்னல் பக்கம் எடுக்கிற படங்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும் என்று உங்களுக்குத் தோன்றினால், லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். கொஞ்சம் புள்ளி உள்ள தெளிவான முகம், புள்ளியே இல்லாத கலங்கிய முகத்தைவிட எப்போதும் மேல்.

இனி அந்த 30 பக்கத்தில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். சோனிக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். 2011இலேயே சோனி தன் இ-மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குத் திறந்து கொடுத்துவிட்டது. அதனால்தான் இன்று நமக்கு இத்தனை பேர் லென்ஸ் செய்கிறார்கள்.

சிக்மா 30 எஃப் 1.4 2016இல் வந்தது. 265 கிராம்தான், ஆனால் உங்கள் கிட் 116 கிராம் என்பதால் முதல் நாள் கையில் கனம் தெரியும். நடுப்பகுதி முழுக்கத் திறந்த நிலையிலேயே கூர்மை. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற ஏ6400இன் கண் ஃபோகஸ் இதோடு நன்றாக ஒத்துப்போகிறது. இதில் ஓஎஸ்எஸ் இல்லை, ஏ6400இன் உடம்புக்குள்ளும் ஆட்டத் தடுப்பு இல்லை. ஃபோட்டோவுக்கு 1/250இல் எடுக்கிறவருக்கு அது பொருட்டல்ல. நடந்துகொண்டே வீடியோ எடுக்க வேண்டும் என்றால் ஆட்டம் தெரியும். இன்னொன்று, பட்டுப்புடவைச் சரிகை, குத்துவிளக்கு மாதிரிப் பளீரென்று மின்னுகிற ஓரங்களில் எஃப் 1.4இல் ஊதா நிறம் லேசாகக் கசியும். எஃப் 2க்கு மேல் வைத்தால் குறைந்துவிடும்.

சோனியின் சொந்த 35 எஃப் 1.8 ஓஎஸ்எஸ் 154 கிராம், ஆட்டத் தடுப்பு உண்டு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் போலச் சின்னது. வீடியோவும் சரிபாதி எடுப்பேன் என்றால் இதைத்தான் சொல்லியிருப்பேன். சிக்மாவைவிட வெளிச்சம் கொஞ்சம் குறைவு, விலை பெரும்பாலும் கூடுதல். வில்ட்ராக்ஸ் என்ற சீன நிறுவனம் ஏர் என்ற வரிசையில் 25, 35, 56 மூன்றிலும் எஃப் 1.7 லென்ஸ்கள் தருகிறது. மூன்றும் எடை குறைவு, ஆட்டோ ஃபோகஸ் உண்டு, விலையும் இறங்கி வருகிறது. லென்ஸின் பின்புறத்திலேயே யுஎஸ்பி-சி துளை வைத்து, மென்பொருளை நாமே புதுப்பித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். புதியதுதான் வேண்டும், 25,000க்குள் நன்றாக அடங்க வேண்டும் என்பவர்களுக்கு 25 அல்லது 35ஐத் தயங்காமல் சொல்வேன்.

இன்னும் மலிவாக டிடி ஆர்டிசன், செவன் ஆர்டிசன்ஸ் பெயர்களில் கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸ்கள் வருகின்றன. நிதானமாக எடுக்கிறவர்களுக்கு நல்ல பயிற்சி. இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டாம். நீங்கள் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அவள் அடுத்த அறையில் இருப்பாள். ஆனால் வீட்டு அலமாரியில் அப்பாவின் பழைய யாஷிகாவோ பென்டாக்ஸோ ஜெனிட்டோ கிடக்கிறது என்றால் அதன் 50 லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தால் அந்த மவுண்ட்டுக்கேற்ற ஒரு வெறும் அடாப்டர் வாங்கினால் போதும், உங்கள் கேமராவில் உட்காரும். இ-மவுண்ட்டில் சென்சாருக்கும் லென்ஸுக்கும் இடையே 18 மி.மீ.தான் தூரம், பழைய ஃபிலிம் கேமராக்களில் ஏறக்குறைய 45. நடுவில் இருக்கிற அந்த இடைவெளியைத்தான் அடாப்டர் அடைக்கிறது. மாட்டிவிட்டு ஷட்டர் வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற அமைப்பை மெனுவில் இயக்க வேண்டும், அவ்வளவுதான்.

50 வாங்கியே தீருவேன் என்றால் பெயரைக் கவனியுங்கள். சோனியில் 50 எஃப் 1.8 இரண்டு உண்டு. இ 50 எஃப் 1.8 ஓஎஸ்எஸ் என்பது உங்கள் வகைக் கேமராவுக்காகவே செய்தது, ஆட்டத் தடுப்பு இருக்கிறது, ஃபோகஸ் சத்தமில்லாமல் போகும். எஃப்இ 50 எஃப் 1.8 என்பது ஃபுல் ஃப்ரேமுக்கான மலிவு லென்ஸ், ஆட்டத் தடுப்பு இல்லை, ஃபோகஸ் மெதுவாகவும் உரசுகிற சத்தத்தோடும் நகரும். இரண்டு டப்பாவும் பார்க்க ஒரே மாதிரி. எஃப் என்ற ஒரு எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

16 எஃப் 1.4 சிக்மாவும் அருமையான லென்ஸ்தான், 405 கிராம், உட்கார்ந்து பேசி வீடியோ எடுக்கிறவர்களுக்குப் பொருத்தம். அந்த வீடியோக்களில் அதைப் புகழ்வதற்குக் காரணமும் அதுதான். உங்களுக்கு 16 தேவைப்படுகிற இடம் தேரோட்டம். அது காலை வெயிலில் நடக்கிறது. ரத வீதியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, எஃப் 8இல்தான் எடுப்பீர்கள். அங்கே கிட் லென்ஸின் 16 தாராளமாகப் போதும். தேர்ச் சக்கரம், வடம் பிடிக்கிற கைகள், மேலே கலசம் வரை எல்லாவற்றையும் ஒரே லென்ஸில் ஜூம் செய்து எடுக்கலாம். கூட்டத்தில் தூசிக்கு நடுவே லென்ஸ் மாற்றவும் வேண்டியதில்லை. கிட்டை விற்காதீர்கள் என்றது இதற்காகத்தான். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சிக்மா 18-50 எஃப் 2.8 பற்றியும் கேட்பீர்கள். 2021இல் வந்தது, 290 கிராம்தான், ஜூம் முழுக்க எஃப் 2.8. ஒரே லென்ஸில் வீட்டு விசேஷத்தை முடிக்க இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. உங்கள் பட்ஜெட்டில் வராது. இரண்டு வருஷம் கழித்து கிட்டை ஓய்வெடுக்க வைக்கிற நாளில் இதை வாங்குங்கள். அப்போதும் ராத்திரி ஹாலுக்கு 30 கையில் இருக்க வேண்டும். எஃப் 2.8க்கும் 1.4க்கும் இடையே நான்கு மடங்கு வெளிச்சம் இருக்கிறது.

பறவைகள். கடைக்காரர் காட்டிய 55-210 எஃப் 4.5-6.3, தேன்சிட்டு மாதிரி சின்னப் பறவைக்குப் பற்றாது. மரக்கிளையில் ஒரு புள்ளியாகத்தான் வரும். ஆனால் நீங்கள் நெல்லைக்காரர், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் குஞ்சுகள் வாய் பிளப்பது தெரியும். அந்த மாதிரி இடத்துக்கு 210 கூடப் போதும். வருஷத்தில் இரண்டு நாள் போவதற்காக அதை வாங்கி வைக்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாடகைக்கே எடுக்கிறீர்கள் என்றால் 70-350 கேளுங்கள். மூன்று தடவை வாடகைக்கு எடுத்த பிறகும் நான்காவது தடவை போகத் தோன்றினால், அப்போது அதற்கென்று தனியாகக் காசு சேர்க்கலாம்.

பழைய லென்ஸ் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை தெரிந்தவர் மூலம் வந்த ஒருவரிடம் ஒரு லென்ஸை மாலை வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். வெளிக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. வீட்டில் டார்ச் அடித்தபோதுதான் உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாகக் கிளை விட்டிருந்தது தெரிந்தது. பூஞ்சை. அதை எடுக்க லென்ஸைப் பிரித்துத் துடைக்க வேண்டும், நாள்பட்டது என்றால் கண்ணாடி மேல் உள்ள பூச்சையே அரித்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் இது சாதாரணம், கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம்.

ஆகவே நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். இரண்டு மூடியையும் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். பிறகு மாற்றிப் பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசித் துகள் இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. நூல் போலக் கிளை விட்டிருந்தாலோ, கண்ணாடி முழுக்கப் பால் படிந்த மாதிரி மங்கியிருந்தாலோ எத்தனை குறைத்தாலும் வாங்காதீர்கள். பின்பக்கத் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். ஓஎஸ்எஸ் உள்ள லென்ஸை ஆட்டினால் உள்ளே ஏதோ அசைகிற சத்தம் வரும், அது இயல்பு.

அப்புறம் உங்கள் கேமராவையும் ஒரு பழைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள். வரி விளம்பரப் பக்கம் இருந்தால் நல்லது, பொடி எழுத்து பக்கம் முழுக்க இருக்கும். அதைச் சுவரில் ஒட்டி, அந்தப் பக்கம் படத்தை நிறைக்கிற தூரத்தில் நேருக்கு நேர் நின்று, எஃப் 1.4இல் ஒன்று, எஃப் 4இல் ஒன்று எடுங்கள். கேமராவிலேயே பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். எஃப் 1.4இல் நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் லென்ஸின் குணம் அது. மூன்று மூலை படிக்க வருகிறது, ஒன்று மட்டும் கரைந்து கிடக்கிறது என்றால் ஒன்று நீங்கள் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள், இல்லையென்றால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. இன்னொரு தடவை நேராக நின்று எடுங்கள். அதே மூலை மறுபடி கரைந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பில் இருந்தால் அதில் உள்ள வரிசை எண்ணையும் லென்ஸில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். புதியது வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் பழுது வரும் நாளில் முழுச் செலவும் உங்களுடையது.

லென்ஸ் கைக்கு வந்ததும் எல்லாப் படத்தையும் எஃப் 1.4இலேயே எடுக்கத் தோன்றும். மகள் ஒருத்தி மட்டும் என்றால் எடுங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அரைச் சாணுக்குச் சற்றே கூடுதலான ஆழத்துக்குள்தான் தெளிவு இருக்கும், கண் ஃபோகஸ் இருப்பதால் சமாளிக்கலாம். ஆனால் முன்வரிசை நாற்காலியில் பெரியவர்கள், பின்வரிசையில் மற்றவர்கள் என்று குடும்பப் படம் எடுக்கும்போது எஃப் 4க்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் பின்வரிசை முழுக்க மங்கிவிடும். அப்புறம் ஒருநாள் கேட்பார்கள். எல்ஈடி விளக்கு உள்ள மண்டபத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100க்கோ 1/50க்கோ இறக்குங்கள், மின்சாரத்தின் துடிப்போடு அது ஒத்துப்போகும்.

வெள்ளை அடித்த தாழ்வான கூரை உள்ள வீடு என்றால், மீதி காசில் தலை திரும்புகிற ஒரு சின்ன ஃபிளாஷ் வாங்கிக் கூரையைப் பார்த்து அடிப்பதும் நல்ல யோசனை. ஓட்டு வீட்டில் அது உதவாது, ஓட்டின் சிவப்பு முகத்தில் இறங்கிவிடும்.

வேறு கேமரா வைத்திருப்பவர்களும் இதையே படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கேனன் ஆர்50 மாதிரிக் கேமராக்களில் 1.6ஆல் பெருக்க வேண்டும், ஆகவே மலிவான ஆர்எஃப் 50 எஃப் 1.8 அங்கே 80 ஆகும், முகத்துக்கு நன்று, ஹாலுக்கு நீளம். 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் கேனன் ஆர்எஃப் மவுண்ட்டுக்கு ஏபிஎஸ்-சி லென்ஸ்களை அறிவித்தன. இப்போது அதே சிக்மா 30 அங்கேயும் கிடைக்கிறது. நிக்கான் இசட்50, இசட்30க்கு நிக்கானின் 24 எஃப் 1.7 அல்லது சிக்மா 30. ஃபியூஜிஃபில்ம் என்றால் எக்ஸ்சி 35 எஃப் 2, 130 கிராம்தான், அவர்கள் வரிசையிலேயே விலை குறைந்த நல்ல பிரைம்.

கடைசியாக, வைக்கிற இடம். துணிப் பையிலும் தோல் உறையிலும் போட்டு பீரோவுக்குள் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று. மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். அந்த நீலத்துக்குக் கோபால்ட் சேர்த்திருப்பார்கள், ஆகவே சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள், குழந்தை கைக்கும் எட்டக் கூடாது. புதுப் பொட்டலம் மாற்றிவிடுங்கள். பாச்சை உருண்டையை டப்பாவுக்குள் போடவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். மழை விட்டு வெயில் வந்த நாளில் லென்ஸை வெளியே எடுத்து, மகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து நாலு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.